வீட்டிலேயே பிரேக் ஏர் எடுப்பது: பெர்ஃபார்மன்ஸ் காருக்கு, டெல்டா ஈரத்தில், எந்த ஆயில், எந்த முறை?

குடந்தை_ஆர்எஸ்

வணக்கம். வண்டி ஆக்டேவியா ஆர்எஸ், நாலு சக்கரத்திலும் டிஸ்க், டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்) கியர். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் முடிகிறது. ஊருக்குள் பெடல் கெட்டியாகத்தான் இருக்கிறது. தை கடைசியில் கொல்லிமலை, அதன்பிறகு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் என்று திட்டம். முன் பேட் புதிதாகப் போடப் போகிறேன், அதோடு ஏர் எடுத்து (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே தள்ளி) ஆயிலையும் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். கையில் இருப்பது: டிராலி ஜாக்கி ஒன்று, ஸ்டாண்டு நாலு, டார்க் ரெஞ்ச், பெடல் மிதிக்க ஒரு ஆள்.

கேட்க வேண்டியவை: ஆயில் தரத்தில் டாட் 4 போதுமா, 5.1 போடலாமா, ரேஸ் ஆயிலா? எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்? எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது? வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டும் ஸ்கேனர் கட்டாயமா? இந்தக் கார்த்திகை மழையிலேயே செய்யலாமா, தை வரை பொறுக்கட்டுமா?

மன்னை_ஸ்பேனர்

தம்பி, பெடல் கெட்டியாக இருப்பதால் ஆயில் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயிலில் கலந்த தண்ணீரும் திரவம்தான், மிதித்தால் அமுங்காது. ஆவியான பிறகுதான் அமுங்கும். நம் டெல்டா ரோடு தாம்பாளம் மாதிரி சமதளம். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை ஓட்டினாலும் கேலிப்பர் (பேட்டை டிஸ்கில் அழுத்தும் பிடி) சூடு ஏறுவதே இல்லை. அதனால் கெட்டுப்போன ஆயில் கூட வருஷக்கணக்கில் காட்டிக்கொடுக்காமல் ஓடும். மலையில் இறங்கும்போதுதான் தெரியும்.

முதலில் காலம். கார்த்திகையில் வேண்டாம். பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது ஆயிலே அல்ல, கிளைகால் ஈதர் வகைத் திரவம். உப்பு ஈரத்தை இழுப்பது போல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழையில் ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு புது ஆயில் ஊற்றுவதில் பாதிப் பயன் போய்விடும். தை பாதியில், மழை ஓய்ந்து வெயில் வந்த நாளில், பகல் 12 மணிக்குமேல் 3 மணிக்குள் செய்யுங்கள். காலையில் பனி ஈரம் இருக்கும்.

இரண்டாவது தரை. நம் மண் களி. மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே நெகிழும். ஸ்டாண்டின் நாலு காலும் களியில் மெல்ல இறங்கும், அதுவும் ஒரு பக்கமாக இறங்கும். சிமெண்டு தளம் இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் ஓர் அடிச் சதுரத்துக்கு 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு போடுங்கள். கடப்பாக்கல் வேண்டாம், ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் பிளக்கும். கழற்றிய சக்கரங்களைக் கதவுக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியது: ஒரு லிட்டர் ஆயில், 500 மி.லி. பாட்டிலாக இரண்டு, சீல் உடையாதது, தயாரித்த தேதி பார்த்து. மெடிக்கல் கடையில் 50 மி.லி. சிரிஞ்சு. மீன் தொட்டிக் கடையில் உள்விட்டம் 5 மி.மீ. தெளிவான டியூப் ஒன்றரை மீட்டர். காலி தண்ணீர் பாட்டில். 11 மி.மீ. ரிங் ஸ்பேனர், ஆனால் வாங்குமுன் நிப்பிளில் (கேலிப்பரில் ஆயிலை வெளியே விடும் துளையுள்ள திருகு) வைத்துப் பாருங்கள், சில கேலிப்பரில் 8 அல்லது 10 வரும். ஓப்பன் ஸ்பேனரால் நிப்பிளைத் தொடவே தொடாதீர்கள், மூலை உருண்டுவிடும்.

இனி வேலை. ரிசர்வாயரில் (பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பா) இருக்கும் பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை மேக்ஸ் கோடு வரை ஊற்றுங்கள். வடிகட்டி வலை இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம், வலையோரமாக சிரிஞ்சு முனையை விட்டாலே போதும். ரிசர்வாயரை முழுக்க வறட்டாதீர்கள், கீழே இருக்கும் துளைகளுக்கு மேலே ஒரு விரல் அளவாவது நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் நேரே பெடலை மிதித்தால், மேலே இருக்கும் கறுப்புத் தண்ணீரைத்தான் நாலு சக்கரத்துக்கும் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

மூடியைத் திருகாமல் சும்மா மேலே வையுங்கள். ஈரமும் உள்ளே போகாது, பெடல் விடும்போது பீய்ச்சியும் அடிக்காது.

நிப்பிளில் முதலில் ஸ்பேனர், அதன் மேல் டியூப். டியூபின் மறுமுனை பாட்டிலில் இரண்டு விரல் ஆயிலில் முங்கியிருக்கட்டும். பாட்டிலை நிப்பிளைவிட உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், தரையில் வைக்காதீர்கள். குமிழி மேலே ஏறிப் போய்விடும், டியூபில் நிற்கும் ஆயில் திரும்பவும் நிப்பிளை மூடிக்கொண்டிருக்கும்.

பெடலுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை. இதைப் பலர் விட்டுவிடுவார்கள். தினசரி ஓட்டத்தில், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் பாதித் தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் இருக்கும் சுவரில் துரு, அழுக்கு படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது தரை வரை மிதித்தால் வாஷர் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். நல்ல வண்டியில் வேலை பார்த்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

உள்ளே இருப்பவரும் கீழே இருப்பவரும் மூன்றே வார்த்தை பேசினால் போதும். "மிதி" என்றதும் அவர் மெதுவாக மிதிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள், பெடல் கட்டையில் உட்காரும். "பிடி" என்றதும் அவர் அப்படியே அழுத்திக்கொண்டிருக்க, நீங்கள் மூடுகிறீர்கள். மூடிய பிறகுதான் "விடு". மூடுமுன் விட்டால் காற்று உள்ளே போகும். விட்ட பிறகு அடுத்த மிதிக்கு இரண்டு விநாடி பொறுங்கள், மாஸ்டர் சிலிண்டர் நிறையட்டும். இன்ஜின் ஓட வேண்டாம்.

திருச்சி_லேப்டைம்

மன்னை அண்ணன் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. எந்த ஆயில் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

குறைந்தபட்சக் கொதிநிலை, டிகிரி செல்சியஸில், முதலாவது புதிய ஆயில், அடுத்தது சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு:

டாட் 3: 205, 140
டாட் 4: 230, 155
டாட் 5.1: 260, 180

இவை தர விதி கேட்கும் அடிமட்டம். நல்ல தயாரிப்புகள் இதற்கு மேலே நிற்கும். ரேஸ் வகையில் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக இருக்கும்போது 312 டிகிரி. ஈரம் சேர்ந்ததும் 200ஐ ஒட்டி இறங்கிவிடும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதல் எண். நம் ஊரில் நம்மோடு வாழப்போவது இரண்டாவது எண். அதைப் பார்த்து வாங்குங்கள்.

டாட் 5 என்பது வேறு. அது சிலிகான், தண்ணீரோடு கலக்காது, தண்ணீர் தனியாகக் கேலிப்பர் அடியில் தேங்கும். நம் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வண்டிகளுக்கு அது இல்லை. 5.1ஐயும் 5ஐயும் பெயர் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஏன் இவ்வளவு கவலை என்றால், ஆள் பெட்டியோடு வண்டி 1,500 கிலோ என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக்குக்குப் போகும் சக்தி சுமார் 580 கிலோஜூல். 150 கி.மீ. வேகத்தில் அதுவே 1,300 கிலோஜூல். மலை இறக்கத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கவும் 1,470 கிலோஜூல், அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டரை முறை நின்றதற்குச் சமம். இன்ஜின் பிரேக்கும் காற்றும் எடுத்துக்கொண்டது போக மீதி முழுதும் டிஸ்கில்தான். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது நேர்த்துண்டில் ஆற அவகாசமே கிடைக்காது. கியரை மேனுவலில் வைத்து இரண்டிலேயே இறங்குங்கள்.

ஆயில் கொதிப்பது மிதித்துக்கொண்டிருக்கும்போது அல்ல, பெரும்பாலும் விட்ட பிறகு. மிதிக்கும்போது லைனில் அழுத்தம் இருப்பதால் கொதிநிலை உயர்ந்து நிற்கும். விட்டவுடன் இறங்கும். அதைவிட மோசம், அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்துவது. ஓடும்போது இருந்த காற்றோட்டம் நின்று, டிஸ்கின் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கு ஏறும். பத்து நிமிஷம் கழித்து வண்டியை எடுத்தால் பெடல் தரைக்குப் போகும். அரை மணி நேரம் ஆறினால் ஆவி திரும்பத் தண்ணீராகிப் பெடல் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். சரியாகவில்லை, அந்த ஆயிலை மாற்றியே தீர வேண்டும். அதனால் இறங்கி முடித்ததும் 2, 3 கி.மீ. பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

என் தீர்ப்பு: ஊர் ஓட்டத்துக்கும் கொல்லிமலைக்கும் நல்ல டாட் 5.1, வருஷம் ஒருமுறை மாற்றம். கம்பெனி இரண்டு வருஷம் என்று சொன்னாலும் டெல்டாவில் ஒரு வருஷம். டிராக் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ரேஸ் ஆயில் ஊற்றி, டிராக் முடிந்ததும் முன் இரண்டு சக்கரத்திலும் ஏர் எடுத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. நேர்த்துண்டின் முடிவில் வேகம் நன்றாக ஏறியிருக்கும். அங்கே இரண்டு வருஷ ஆயிலோடு போவது தவறு.

நாகை_உப்புக்காத்து

கும்பகோணத்தில் இந்தத் தொல்லை குறைவு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் நிற்கும் வண்டிகளுக்குச் சொல்கிறேன். இங்கே ஏர் எடுப்பதில் கஷ்டமே நிப்பிளைத் திறப்பதுதான். பல வண்டிகளில் கேலிப்பர் அலுமினியம், நிப்பிள் இரும்பு, நடுவில் உப்பு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நிப்பிளுக்கு நடுவே துளை ஓடுவதால் சுவர் மெல்லியது, முறுக்கினால் கழுத்தில் ஒடியும்.

முந்தின நாள் சாயங்காலம் கம்பி பிரஷால் சுற்றிலும் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயைக் குச்சி முனையில் தொட்டு மரையோரத்தில் மட்டும் இரண்டு சொட்டு விடுங்கள். நேரே பீய்ச்சினால் பிஸ்டன் ரப்பரிலும் டிஸ்கிலும் படும். மறுநாள் நிப்பிள் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகப் பத்துத் தட்டு, பலமாக வேண்டாம். ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு முதலில் மூடும் திசையில் ஒரு மயிரிழை இறுக்குங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் உப்புப் பிடி விடும் சத்தம். அதன்பிறகு திறங்கள். அப்படியும் அசையவில்லையென்றால் துளைக்குச் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டைத் தலைகீழாக உள்ளே சொருகிக்கொண்டு திருகுங்கள், சுவர் உள்ளே மடங்காது.

அதற்கும் மசியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஒடிந்த நிப்பிளைவிடப் பழைய ஆயில் மேல். கேலிப்பரைக் கழற்றிச் சூடு வைத்து எடுக்க லேத் பட்டறைக்குப் போகும் வேலை அது.

குடந்தை_ஆர்எஸ்

மூவருக்கும் நன்றி. வரிசை பற்றி யாரும் சொல்லவில்லையே? பார்க்கிற வீடியோ எல்லாம் வலது பின் சக்கரம் முதலில் என்கிறது. நம் வண்டி வலது ஸ்டீயரிங். அப்போது இடது பின் சக்கரம்தானே தூரம்?

இன்னொன்று, ஒரு சக்கரத்துக்கு எட்டு மிதி போதும் என்று சிலர் சொல்கிறார்கள். சரிதானா?

தஞ்சை_டார்க்ரெஞ்ச்

நல்ல கேள்வி. அந்த வீடியோக்கள் இடது ஸ்டீயரிங் நாட்டில் எடுத்தவை. அங்கே மாஸ்டர் சிலிண்டர் இடப்பக்கம், வலது பின் சக்கரம் தூரம். தூரத்தில் ஆரம்பித்துப் பக்கத்தில் முடிப்பது என்று எடுத்துக்கொண்டால் நமக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஆனால் ஏபிஎஸ் வந்த பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் நேரே சக்கரத்துக்குப் போவதில்லை. ஏபிஎஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்துதான் நாலாகப் பிரிகிறது. இரண்டு சர்க்யூட்டும் குறுக்காக அமைந்த வண்டிகள் அதிகம், அதாவது இடது முன்னும் வலது பின்னும் ஒரு ஜோடி. அதனால் முன் சக்கரத்தில் ஆரம்பிக்கச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. உங்கள் மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் வரிசை. மேனுவல் கையில் இல்லையென்றால் தூரத்து முறை. உள்ளே காற்றே நுழையாமல் வெறும் ஆயில் மாற்றம் மட்டும் என்றால், வரிசை தப்பினாலும் பெடல் கெட்டுப்போகாது. ஓஸ் கழற்றிய வண்டியில்தான் வரிசை முக்கியம்.

எட்டு மிதி போதாது. கணக்குப் பார்ப்போம். மாஸ்டர் சிலிண்டர் விட்டம் 22 முதல் 24 மி.மீ. என்று வைத்தால், கட்டை வைத்து மிதிக்கும் ஒரு மிதிக்கு 7 முதல் 10 மி.லி.தான் வெளியே வரும். எட்டு மிதிக்கு 80 மி.லி.யைத் தாண்டாது. பிரேக் பைப்பின் உள்ளளவு மெல்லியது, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 மி.லி. பிடிக்கும். 5 மீட்டர் பைப் என்றாலும் 40 மி.லி.தான். மீதிப் பழைய ஆயில் கேலிப்பர் பிஸ்டனுக்குப் பின்னால் நிற்கிறது. 57 மி.மீ. பிஸ்டன் 10 மி.மீ. வெளியே வந்திருந்தால் அங்கே மட்டும் 25 மி.லி. சூடு படுவதும் தண்ணீர் கொதிப்பதும் அங்கேதான். எனவே சக்கரத்துக்கு 200 மி.லி., கிட்டத்தட்ட 20 முதல் 28 மிதி. ஒவ்வொரு 10 மிதிக்கும் ரிசர்வாயரைப் பார்த்து ஊற்றுங்கள். நாலு சக்கரத்துக்கு 800, ரிசர்வாயருக்கு 200, அதனால்தான் ஒரு லிட்டர்.

நீங்கள் பேட்டும் மாற்றுவதால் ஒரு வசதி இருக்கிறது. பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது நிப்பிளைத் திறந்து டியூபை மாட்டிக்கொண்டு தள்ளுங்கள். பிஸ்டனுக்குப் பின்னால் கிடந்த கறுப்பு ஆயில், அடியில் படிந்த மண்டி, எல்லாம் நேரே பாட்டிலுக்கு வரும். மூடி வைத்துத் தள்ளினால் அதே மண்டி பைப் வழியாக ஏபிஎஸ் பெட்டிக்குத் திரும்பும். அங்கே வால்வுத் துளைகள் ஊசிமுனை. தள்ளி முடித்ததும் மூடிவிட்டு ஏர் எடுக்க ஆரம்பியுங்கள்.

இறுக்கம்: சாதாரண கேலிப்பர் நிப்பிள் பெரும்பாலும் 7 முதல் 13 நியூட்டன் மீட்டர். சின்ன ரிங் ஸ்பேனரை மூன்று விரலால் பிடித்து இறுக்கினால் வரும் பலம் அது, முழுக்கை போடாதீர்கள். பெரிய டார்க் ரெஞ்ச் இந்த அளவில் சரியாகக் காட்டாது, கால் அங்குல டிரைவ் சின்னது இருந்தால் பயன்படுத்துங்கள். உங்கள் சக்கர போல்ட் 120 நியூட்டன் மீட்டர். சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகு, நட்சத்திர வரிசையில்.

ஸ்கேனர் பற்றி: ரிசர்வாயர் வறளாமல், ஓஸ் கழற்றாமல் செய்தால் தேவையில்லை. ரிசர்வாயர் வறண்டு ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போய்விட்டால், ஸ்கேனர் வைத்து உள்ளே இருக்கும் பம்பையும் வால்வையும் ஓட வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனுக்கு விசிடிஎஸ், ஓபிடி லெவன் என்ற ஸ்கேனர் இரண்டிலும் அந்த வசதி உண்டு. ஸ்கேனர் கிடைக்காத இடத்தில் பெடல் ஓரளவு கெட்டியாக இருந்தால் மட்டும் ஆளில்லாத மண் தரையில் 30 கி.மீ. வேகத்தில் ஐந்தாறு முறை ஏபிஎஸ் துடிக்கும்படி மிதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து திரும்ப ஏர் எடுப்பார்கள். பெடல் பஞ்சாக இருக்கும்போது அந்தச் சோதனை கூடாது.

பூஸ்டர் (மிதிக்குப் பலம் கூட்டுவது), மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் மூன்றும் ஒரே பெட்டியாக, பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே மின்சாரம் நிற்கும் புது வகை வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் இந்த இழையில் சொல்லும் மிதி முறையைச் செய்யாதீர்கள். கம்பெனி முறையும் ஸ்கேனரும் வேண்டும்.

மாயவரம்_தெளிப்பான்

ஆள் கிடைக்காதவர்களுக்கு அழுத்த முறை. உரக்கடையில் கிடைக்கும் 2 லிட்டர் கைப்பம்பு ஸ்பிரேயர் ஒன்று புதிதாக வாங்குங்கள். பூச்சி மருந்து ஒருமுறை பட்டதுகூட வேண்டாம். ரிசர்வாயருக்குப் பொருந்தும் மூடி ஒன்று தனியாக வாங்கி, நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் வால்வைப் பொருத்துங்கள். ஸ்பிரேயரின் முனையைக் கழற்றிவிட்டு அதன் ஓஸை வால்வுக்குக் கொண்டுவந்து, இடையில் ஒரு டி இணைப்பில் பிரஷர் கேஜ்.

15 பிஎஸ்ஐ போதும், அதாவது ஒரு பார். ஸ்பிரேயரின் சேஃப்டி வால்வை நம்பாதீர்கள், அது அதற்கு வெகு மேலேதான் திறக்கும். ரிசர்வாயர் பிளாஸ்டிக், அதை மாஸ்டர் சிலிண்டரோடு பிடித்திருப்பது இரண்டு ரப்பர் வளையம். அழுத்தம் கூடினால் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் முழுக்க ஆயில் கொட்டும்.

நிப்பிளைத் திறக்கும் முன் 10 பிஎஸ்ஐ ஏற்றி இரண்டு நிமிஷம் முள்ளைப் பாருங்கள். இறங்கினால் மூடியின் வாஷர் சரியில்லை. இறங்காவிட்டால் 15க்கு ஏற்றி நிப்பிளைத் திறங்கள், ஆயில் நூல் மாதிரி சீராக வரும். 100 மி.லி. வந்ததும் மூடி, அழுத்தத்தை வெளியே விட்டு, ரிசர்வாயரை நிரப்புங்கள். நிரப்ப மறந்தால் காற்றே பைப்புக்குள் இறங்கும், அப்புறம் தஞ்சை சொன்ன ஸ்கேனர் வேலைதான்.

மன்னை_ஸ்பேனர்

மாயவரம் சொன்னது நல்ல முறை. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஸ்பிரேயருக்குள் பிரேக் ஆயிலை ஊற்றி அதையே அனுப்பலாம் என்று சிலர் செய்வார்கள். வேண்டாம். தெளிப்பான் வாஷர் எல்லாம் பிரேக் ஆயிலுக்கு ஆன ரப்பர் இல்லை, ஊறிக் கரைந்து அந்தக் கறுப்புத் துகள் பிரேக்குக்குள் போகும். காற்று மட்டும் போகட்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து நம் பக்கத்துக் கொட்டகைகளில் இருக்கிறது. புனல். பம்புசெட்டுக்கு டீசல் ஊற்றிய புனல், மண்ணெண்ணெய் அளந்த குவளை, டிராக்டர் ஆயில் கேன். கழுவித் துடைத்தாலும் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டியிருக்கும். பிரேக் ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பும். மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும், பெடலை விட்டாலும் பிரேக் விடாது, நாலு சக்கரமும் பிடித்துக்கொண்டு சூடேறும். அப்படி ஆனால் ஆயிலை மட்டும் மாற்றித் தப்ப முடியாது, ரப்பர் உள்ள ஒவ்வொரு பாகத்தையும், ஓஸ் உட்பட, மாற்ற வேண்டும். அதனால் புனலே வேண்டாம், பாட்டில் வாயாலேயே ஊற்றுங்கள். கேலிப்பரைத் துடைக்க பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது. பிரேக் கிளீனர், அல்லது ஐசோபுரொபைல் ஆல்கஹால்.

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். பெயிண்டில் சிந்தினால் துடைக்கக் கூடாது, தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் உரியும். உடனே தண்ணீரை ஊற்றிக் கரைத்துவிட வேண்டும்.

திருவாரூர்_டிஸ்க்

எல்லாம் முறைப்படி செய்து முடித்த பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் எங்கே தேடுவது? ஒரு லிட்டர் ஓடியும் குமிழி நிற்காத வண்டிகள் இருக்கின்றனவே.

தஞ்சை_டார்க்ரெஞ்ச்

முதலில் குமிழி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிப்பிளில் உறிஞ்சும் வேக்குவம் பம்பு போட்டிருந்தால் அந்தக் குமிழி உள்ளே இருந்து வருவதே இல்லை, திறந்த நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. மிதி முறைக்கு மாறினால் நின்றுவிடும்.

அப்புறம் நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கக் கேலிப்பரையும் கழற்றி மாட்டியவர் இடம் மாற்றிப் போட்டிருந்தால் நிப்பிள் அடிப்பக்கம் வரும். காற்று மேலே தங்கும், பத்து லிட்டர் ஓட்டினாலும் வராது. பெரிய பிரேக் கிட் போட்ட வண்டிகளில் இந்தத் தவறு அதிகம். நாலு பிஸ்டன், ஆறு பிஸ்டன் கேலிப்பர் பலவற்றில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு நிப்பிள் இருக்கும். வெளியே தெரிவதை மட்டும் திறந்துவிட்டு உள்ளே இருப்பதை மறந்தால் பாதிக் கேலிப்பரில் பழைய ஆயில்.

பெடல் சொல்லும் பாஷை இது. அடுத்தடுத்து மிதித்தால் மேலே ஏறி வந்தால், உள்ளே காற்று, அல்லது பிஸ்டன் பேட்டைவிட்டு அதிகம் விலகி நிற்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவு இருக்கிறதா என்று எல்லா இணைப்பும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உள்ளுக்குள் விடுகிறது. கெட்டியாகவும் இருந்து, ஆனால் ஆழமாகவும் போனால் பேட் சாய்வாகத் தேய்ந்திருக்கலாம், பேட் தகடு வளைந்திருக்கலாம். பழைய ரப்பர் ஓஸ் உப்புவதையும் கையால் பிடித்துப் பார்த்தால் உணரலாம், ஒருவர் மிதிக்க மற்றவர் பிடிக்க வேண்டும்.

எடுத்து முடித்ததும் சோதனை: இன்ஜினை அணைத்து ஆறு முறை மிதித்துப் பூஸ்டரின் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் கல் மாதிரி உயரத்தில் நிற்க வேண்டும். அப்படியே ஒரு நிமிஷம் பலமாக அழுத்திப் பிடியுங்கள், இறங்கக் கூடாது. காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் உள்ளே இழுக்கும், அது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம். புதுப் பேட் போட்டிருப்பதால் வண்டியை நகர்த்தும் முன் பெடல் உயரம் வரும்வரை மிதித்துவிடுங்கள். இல்லையென்றால் முதல் மிதி வெறுமையாகப் போகும், வண்டி வாசலைத் தாண்டி வாய்க்காலில் நிற்கும்.

குடந்தை_ஆர்எஸ்

மீதமாகும் ஆயிலை என்ன செய்வது? பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது? பேனா மாதிரி ஈரம் பார்க்கும் டெஸ்டர் வாங்கலாமா?

திருச்சி_லேப்டைம்

டெஸ்டர் வேண்டாம். அது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து ஈரத்தை ஊகிக்கிறது. ஆயிலுக்கு ஆயில் அந்தக் குணம் மாறும். அதோடு நீங்கள் முக்கிப் பார்ப்பது ரிசர்வாயரை, கொதிப்பது கேலிப்பரில். தேதியை எழுதி ரிசர்வாயர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், அது பொய் சொல்லாது.

திறந்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு வைக்காதீர்கள். நம் காற்றில் இரண்டு வாரத்துக்குமேல் நான் நம்ப மாட்டேன். அதனால்தான் ஒரு லிட்டர் டின் வாங்காமல் 500 மி.லி. பாட்டில் இரண்டு.

மன்னை_ஸ்பேனர்

பழையதை வாய்க்காலிலோ வயல் வரப்பிலோ ஊற்றாதீர்கள். தண்ணீரில் கரைந்து ஓடிவிடும், மிதக்காது, கண்ணுக்கே தெரியாது. மாடும் நாயும் குடித்தால் விஷம். மூடி போட்ட பாட்டிலில், 'பிரேக் ஆயில், விஷம்' என்று எழுதி, கழிவு ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். இன்ஜின் கழிவு ஆயிலோடு கலக்க வேண்டாம்.

ரிசர்வாயர் மட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேட் தேயத் தேய மட்டம் தானே இறங்கும், 'மின்' (MIN, குறைந்த அளவு) கோட்டைத் தொடாதவரை மேலே ஊற்றாதீர்கள். சீக்கிரம் இறங்கினால் பேட்டையும் கசிவையும் பாருங்கள்.

நாகை_உப்புக்காத்து

நிப்பிளை இறுக்கியதும் அதன் துளைக்குள் நிற்கும் ஆயிலைத் தண்ணீரால் கழுவி, ஊதிக் காயவைத்து, ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். தொப்பி தொலைந்திருந்தால் ஸ்பேர் கடையில் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்தத் துளை திறந்து கிடந்தால் சேறும் உப்பும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் நிப்பிள் சுலபமாகத் திறக்கும், ஆயில்தான் வராது.

தை மாதம் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஓட்டி வந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றிய கையோடு கேலிப்பருக்கும் டிஸ்க் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே பாருங்கள். ஏபிஎஸ் சென்சார் ஒயரைச் சுற்றிக்கொண்டு வைக்கோல் கிடக்கும். இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள்.